கோவலனை வெட்டும் நேரம்

முள்ளியவளைப் பக்கத்துக் கோவலன் கூத்தில் கோவலனை வெட்டும்போது விடியப்புறம் மூன்றரை, நாலு மணியாகியிருக்கும். அதற்கு முந்தி வெட்டினால் சனம் ஒத்துக்கொள்ளாது. இரவு ஒன்பது, பத்துக்குக் காப்புப் பாடித் தொடங்கினால், கோவலனுக்குக் கலியாணம் முடிந்து, அவன் மாதவி வீட்டுப் படியேறி, கைப்பொருள் கரைந்து, சிலம்போடு மதுரைக்கு நடந்து, தட்டானிடம் மாட்டுப்பட அவ்வளவு நேரமும் வேண்டும். பாயில் சுருண்டு கிடக்கும் பிள்ளைகளைத் தாய்மார் தட்டி எழுப்புவது அந்த இடத்தில்தான். "எழும்படா, வெட்டப் போறாங்கள்!" அரை நித்திரையில் பார்த்த கொலை அது. முல்லைத்தீவில் என் வயதுக்காரர் பலருக்கு முதலில் தெரியவந்த அநியாயச் சாவு களரியில் நடந்ததுதான். மற்றவை பிறகு வந்தன.

சோழநாட்டுச் செட்டிப்பிள்ளையின் கதையை நந்திக்கடல் கரையில் ஏன் விடிய விடிய ஆடவேண்டும் என்று வெளியூர்க்காரர் கேட்பதுண்டு. மதுரையை எரித்தவள் கோபம் ஆறாமல் கடல் கடந்து வந்து, இடம் இடமாகத் தங்கி, பத்தாவதாக வந்து அமர்ந்த இடம் வற்றாப்பளை என்பது எங்கள் ஊர்க் கதை. கடற்கரையில் நின்ற இடைச் சிறுவர்கள் ஒரு கிழவியைக் கண்டார்கள். பசிக்குப் பொங்கிக் கொடுத்தார்கள். பொழுதுபட்டது; விளக்குக்கு எண்ணெய் இல்லை. கடல் நீரை விட்டுத் திரியைக் கொளுத்தச் சொன்னாள், எரிந்தது. தலை கடிக்கிறது, பாருங்களடா என்றாள். மயிரை விலக்கிப் பார்த்தால் தலை நிறையக் கண். இன்றைக்கும் வைகாசியில் சிலாவத்தைத் தீர்த்தக்கரையில் கடல் நீர் எடுத்து, முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலில் வைத்து விளக்கெரித்து, பூரணையை ஒட்டிய திங்கட்கிழமை வற்றாப்பளையில் பொங்கல் நடக்கிறது. அம்மன் ஊர்க்காரி ஆனபின் அவள் புருசனை வெட்டிய வழக்கு ஊர் வழக்குத்தானே. எங்கள் தட்டானுக்குக் கூத்து முடிந்த கையோடு ஒரு கிழவியும் தேத்தண்ணி கொடுக்கமாட்டாள். ஒருமுறை ஒரு மனிசி மண்ணை அள்ளி எறிந்து திட்டியதை நான் என் கண்ணால் பார்த்தேன். அவர் பாவம், கடற்கரையில் கருவாடு விற்ற, ஈ எறும்புக்கும் தீங்கு நினைக்காத மனிசன்.

காலபோக வெட்டு முடிந்து, சூடடித்து, நெல் வீட்டுக்கு வந்தபிறகுதான் கூத்துப் பேச்சு எழும். நாள் பார்த்து ஏடு தொடங்குவார்கள். பழக்கம் நடப்பது அண்ணாவியார் வீட்டு முற்றத்தில், ஒரு பெற்றோமாக்ஸ் வெளிச்சத்தில். மத்தளத்துக்குப் பக்கத்தில் அண்ணாவியார், கையில் சல்லாரி. பிழை விட்டவனுக்குக் காலில் அடிக்க ஒரு பூவரசங்கம்பும் கிடக்கும். பாலை பழுக்கிற காலமும் அதுதான். வன்னிக் காட்டில் பாலைப்பழம் தின்றவனுக்குத் தெரியும், அதன் பால் உதட்டில் ஒட்டினால் வாய் திறப்பது பெரும்பாடு. "பாலைப்பழம் திண்டவன் களரிக்கு வரப்படாது" என்பது அண்ணாவியார் போட்ட சட்டம். பெடியள் திருட்டுத்தனமாகத் தின்றுவிட்டு வந்து, உதட்டில் தேங்காயெண்ணெய் தேய்த்துக்கொண்டு பின்வரிசையில் நிற்பார்கள். அவர் வெளிச்சத்தைத் தூக்கிப் பிடித்து ஒவ்வொருவர் வாயாகப் பார்ப்பார்.

எனக்கு முதலில் தந்தது மாதவியின் தோழி. மீசை அரும்பும்வரை பெண் வேடம், அரும்பியபின் காவற்காரன். அதற்கு மேல் ஏறக் குரல் இடம் தரவில்லை. ஆனால் களரியில் காவற்காரனுக்கு ஒரு வசதி உண்டு. பேச்சுக் குறைவு, நிற்பது கூட. அரசன் சபையில் ஈட்டியோடு ஓரமாக நின்று எல்லாரையும் பார்த்துக்கொண்டிருக்கலாம். கண்ணகி தலைவிரி கோலமாகச் சபைக்குள் வரும்போது பாண்டியனுக்கு உண்மையாகவே கை நடுங்குவதைக் களரிக்கு வெளியே இருந்த ஒருவரும் கண்டிருக்கமாட்டார்கள். நான் கண்டேன்.

வேடத்தின் பெயர் ஆளோடு ஒட்டிக்கொள்ளும் ஊர் அது. கூட்டுறவுச் சங்கக் கடையில் சீனி நிறுத்துக் கொடுத்தவர் ஊருக்கெல்லாம் பாண்டியன் அண்ணை. மாதவியாக ஆடியவர் பின்னாளில் ஆறடி ஆம்பிளையாக வளர்ந்து மாங்குளம் றோட்டில் மணல் லொறி ஓடினார். "மாதவி லொறி கொண்டு போயிட்டான், பின்னேரம்தான் வருவான்" என்று அவர் மனைவியே சொல்லுவா. புதிதாக வந்த கிராமசேவகர் ஒருவர் இதைக் கேட்டுத் திகைத்தது தனிக்கதை.

கூத்து மட்டும்தான் எங்களுக்கு இருந்தது என்றும் இல்லை. நடிகமணி வி. வி. வைரமுத்துவின் மயான காண்டம் வடக்கில் ஆடாத ஊரைத் தேடித்தான் பிடிக்கவேண்டும்; சுடலையில் அரிச்சந்திரன் பாடும்போது எங்கள் அண்ணாவியார், "சீன் கட்டி ஆடினாலும் இவன் கூத்தாடிதான்" என்று முணுமுணுத்தது அவர் வாயால் வந்த பெரிய பாராட்டு. முள்ளியவளை முல்லைமணி எழுதிய பண்டாரவன்னியன் நாடகத்தைப் பள்ளிக்கூடப் பெடியள் ஆடினார்கள். 1803 ஆகஸ்டில் வன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையை அடித்து வெள்ளைக்காரனின் பீரங்கியைப் பறித்தான் அல்லவா, அந்தப் பீரங்கிக்குத் தார்ப் பீப்பா ஒன்றைக் கறுப்படித்து வைத்திருந்தோம். இரண்டாம் காட்சியிலேயே அது உருண்டு சபைக்குள் இறங்கிவிட்டது. அதே ஆண்டு ஒக்டோபர் 31இல் அவன் தோற்ற இடம் என்று வெள்ளைக்காரன் கல் நட்ட கற்சிலைமடு எங்களுக்குச் சைக்கிள் தூரம். அரியாத்தை என்ற பெண் யானை பிடித்த வன்னிக் கதையை அருணா செல்லத்துரை 'வேழம்படுத்த வீராங்கனை' என்று நாடகமாக்கினார். யானையும் வெள்ளைக்காரனும் வந்த கதைகளில் எங்களுக்குப் பெருமை. ஆனால் உடம்பு பதறியது கோவலனுக்குத்தான்.

பிறகு போரில் ஆட்கள் கலைந்தார்கள். 1990களில் வெளியேற அனுமதிப் பாஸ் எடுத்து வவுனியாவுக்கு வந்தவர்களில் நானும் ஒருவன், போனவன் போனவன்தான். ஓமந்தைக்கு அங்கால் இருந்த ஊர் கடிதத்தில் மட்டும் இருந்தது. கண்ணகியாக ஆடியவர் இந்தியா போய் அங்கிருந்து கனடா போனார். 2002இல் ஏ9 பாதை திறந்தபோது ஒரு வைகாசிக்கு ஓடிப்போய்ப் பார்த்தேன். தட்டான் அண்ணை என்னை அடையாளம் கண்டு, "காவற்காரா, சிலம்பு கிடைச்சுதோ?" என்று கேட்டார். அவரை நான் கண்டது அதுதான் கடைசி. 2004 டிசம்பர் 26 கடல் வந்தபோது அவர் கரையில் நின்றார்.

போர் முடிந்த 2009ஐப் பற்றி அங்கே இருந்தவர்கள் சொல்லவேண்டும், நான் சொல்லக்கூடாது. எனக்குத் தெரிந்தது செட்டிகுளம் மெனிக் பாம் முகாம் வேலிக்கு இந்தப் பக்கம். முள்ளுக்கம்பிக்கு அங்கால் சனம், இங்கால் சனம். ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. எல்லாரும் ஒரேநேரத்தில் கத்துவார்கள். அந்த இரைச்சலுக்கு மேலால் ஒரு குரல் என் பெயரைச் சொல்லி வந்தது. மைக் இல்லாத காலத்தில் களரியின் கடைசி வரிசைக்குக் கேட்கவேண்டும் என்று அடி வாங்கிப் பழகிய குரல், அடிவயிற்றிலிருந்து எடுத்து எறிகிற குரல். மாதவி! லொறி இல்லை, உடம்பும் பாதியாகிவிட்டது, குரல் மட்டும் அப்படியே. "அண்ணாவியார் இருக்கிறார், பாண்டியன் இருக்கிறார், கொப்பி போட்டுது" என்று மூன்று செய்தியையும் ஒரே மூச்சில் சொன்னான். பக்கத்தில் நின்றவர்கள் யாரோ கொப்பி என்ற ஆள் செத்துவிட்டார் என்று நினைத்திருப்பார்கள்.

அந்தக் கூத்துக் கொப்பி அண்ணாவியாரின் தகப்பன் காலத்து ஏட்டைப் பார்த்து எழுதியது. ஓரங்களில் அவர் சிவப்பு மையால் போட்ட குறிப்புகள்: இந்த இடத்தில் மத்தளம் நிற்கவேண்டும், இந்த அடியைச் சனம் கேட்டால் திருப்பிப் பாடு, இந்த விருத்தத்துக்கு முந்தித் தண்ணி குடி. வீட்டிலிருந்து வெளிக்கிட்டபோது காணி உறுதியும் பிறப்புச் சாட்சிப்பத்திரங்களும் இருந்த சொப்பின் பையிலேயே அதையும் வைத்து, இடம் இடமாகக் காவி, மாத்தளன் பக்கத்துப் பங்கருக்குள் விட்டுவிட்டு ஓடினார்களாம். காணி உறுதிக்குப் பிறகு கச்சேரியில் பிரதி எடுக்கலாம்.

இத்தனைக்கும் பிறகு போன வைகாசிப் பொங்கலுக்கு எல்லாரும் தண்ணீரூற்றில் அண்ணாவியார் வீட்டில் கூடினோம். யாரும் பெரிதாகத் திட்டமிடவில்லை. கோவலனாக ஆடியவர் பிரான்ஸிலிருந்து நேர்த்திக்கு வந்திருந்தார், அவ்வளவுதான். பாண்டியனுக்கு நீரிழிவில் ஒரு கால் விரல்கள் போய்விட்டன. கதிரையை விட்டு எழும்பவில்லை. இருந்தாலும் எங்களைக் கண்டதும் கையை உயர்த்தியது அரசன் கை. அண்ணாவியாருக்குத் தொண்ணூறு நெருங்குகிறது, காது நன்றாக மந்தம். அவருக்குப் பக்கத்தில் வாங்கில் தாளம் தட்டினால் பலகை அதிர்வைப் பிடித்துக்கொள்கிறார். நாங்கள் குசலம் விசாரித்து முடிக்கிறதுக்குள், "ஆருக்கு என்ன ஞாபகம் இருக்கு? பாடுங்கோ" என்றார். அவர் பேத்தி பள்ளிக்கூடத்தில் நாடகமும் அரங்கியலும் படிப்பிக்கிறா. சீ.ஆர். கொப்பியும் பேனையுமாக வந்து நிலத்தில் இருந்துவிட்டா, போனில் ஒலிப்பதிவும் போட்டாச்சு.

ஒருவருக்கும் தன் பாட்டு வரவில்லை. கோவலன் இரண்டு அடி பாடி, மூன்றாவதில் சினிமாப் பாட்டுக்குள் போய்விட்டார். மாதவி வாயைத் திறந்து திறந்து மூடினான். நான் சொல்லவேண்டிய நாலு வரியில் இரண்டுதான் என்னிடம் இருந்தன. அண்ணாவியார் முகம் கறுத்தது. பூவரசங்கம்பு இருந்திருந்தால் அன்றைக்கும் அடிதான். அப்போது பாண்டியன் யோசித்து யோசித்து, தன் பாட்டை விட்டுவிட்டு, கண்ணகி அவரைப் பார்த்துக் கேட்கிற பாட்டை மெதுவாக எடுத்தார். முழுதாக வந்தது! வருடம் வருடமாக அரியாசனத்தில் இருந்து அந்த வசவை அவர்தானே வாங்கிக் கட்டினார். அதைப் பாடி முடித்த வேகத்தில், அதற்குத் தான் சொல்லும் பதிலும் தானாக வந்து விழுந்தது. ஆட்டக்காரனுக்குத் தன் வரி தன்னிடம் இருப்பதில்லை என்று அன்றைக்குத்தான் கண்டேன். எதிரே நின்றவன் எடுத்துக் கொடுத்தால்தான் வரும். கோவலனின் பாட்டு மாதவியிடம் இருந்தது, மாதவியின் பாட்டில் பாதி தோழியாக நின்ற என்னிடம் இருந்தது. நாங்கள் இவ்வளவு காலமும் மாறி மாறி ஒருவர் சாமானை ஒருவர் வைத்துக்கொண்டு வவுனியாவிலும் பாரிஸிலும் இருந்திருக்கிறோம்.

கனடாவுக்கு வட்ஸ்அப் எடுத்தோம். கண்ணகிக்கு அங்கே விடியக்காலை. ஸ்காபுரோவில் பேரப்பிள்ளைக்குப் பால் கரைத்துக்கொண்டு நின்றார். பாண்டியன் எடுத்துக் கொடுக்க, கண்ணகி அங்கிருந்து பாட, குரல் வந்து சேர்வதற்குள் இங்கே ஒரு தாளம் கடந்துவிடுகிறது. வாங்கில் கை வைத்திருந்த அண்ணாவியார், "பிந்துறான். அண்டைக்கும் இவன் பிந்தித்தான்" என்றார். போன் பிந்துகிறது என்று பேத்தி காதுக்குள் கத்திச் சொன்னா. "போனோ? அண்டைக்கு என்ன, போனிலையே பாடினவன்?" என்று அவர் விடவில்லை.

தட்டானின் பாட்டுக்கு வந்தபோதுதான் இடறியது. கோவலனோடு அவர் பேசுகிற இடமெல்லாம் கோவலனிடம் இருந்தது. அரசனிடம் கோள் சொல்கிற இடம் பாண்டியனிடம் இருந்தது. ஆனால் சிலம்பை வாங்கி வைத்துக்கொண்டு, கோவலனை வெளியே இருத்திவிட்டு, தட்டான் தனக்குள் தானே கணக்குப் போடும் ஒரு பாட்டு உண்டு. அதற்கு எதிரே ஒருவரும் நிற்பதில்லை. பதில் இல்லாத பாட்டு. அண்ணாவியாருக்கும் மெட்டுத்தான் வந்தது, சொல் வரவில்லை. பேத்தி கொப்பியில் அந்தப் பக்கத்தை வெறுமையாக விட்டுப் புரட்டினா.

"பிற்பாட்டுக்காரன் எங்க?" என்று கேட்டது மாதவிதான். கூத்தில் ஆட்டக்காரன் ஒரு அடி பாடினால், மத்தளத்துக்குப் பக்கத்தில் நிற்கிற பிற்பாட்டுக்காரர் அதையே திருப்பிப் பாடவேண்டும். ஆட்டக்காரன் மூச்சு வாங்க, ஆட, அந்த நேரம் வேண்டும். எட்டுக்கு மேற்பட்ட வேடங்கள் வந்து போகும். பிற்பாட்டுக்காரன் முதல் காப்பிலிருந்து விடியும்வரை அந்த இடத்தை விட்டு அசையமாட்டான். உடுப்பும் இல்லை, முகத்தில் முத்துவெள்ளையும் இல்லை. படம் எடுத்தால் அவன் முகம் மத்தளத்துக்குப் பின்னால் மறைந்துவிடும். எங்கள் ஆள் குமுளமுனையில் சைக்கிள் திருத்துகிறான் என்று தெரிந்து, பெடியன் ஒருவனை மோட்டார்சைக்கிளில் அனுப்பினோம். வந்தவன் கை முழுக்க கிறீஸ். கழுவவும் விடவில்லை.

அவன் உட்காரவில்லை, நின்றபடி சுவரைப் பார்த்துப் பாடினான். சொல் தவறவில்லை. அதற்கு மேலும் ஒன்று நடந்தது: தட்டான் அண்ணை மூச்சு வாங்குகிற இடத்தில் மூச்சு வாங்கினான், அவருக்கு றகரம் சரியாக வராத இடத்தில் அவனுக்கும் றகரம் வரவில்லை. கருவாட்டுக்காரர் பிழையாகப் பாடமாக்கிய ஒரு சொல்லைக்கூட அந்தப் பிழையோடேயே திருப்பித் தந்தான். கோவலன் எழும்பி முற்றத்துக்குப் போய்விட்டார். பாட்டின் முடிவில் தட்டான் சிரிக்கவேண்டும், ஊரே பல்லைக் கடிக்கிற சிரிப்பு. அந்த இடத்தில் அவன் நிறுத்தினான். "சிரி, சிரி" என்று மாதவி சொன்னான். "சிரிப்புக்குப் பிற்பாட்டு இல்லை அண்ணை" என்றான் அவன்.

இதற்குப் பிறகு அழுதுகொண்டிருக்க நேரமிருக்கவில்லை, சண்டை தொடங்கிவிட்டது. பேத்திக்கு இதை மண்டபத்தில் ஒன்றரை மணித்தியாலத்துக்குள் மேடையேற்றவேண்டும். பேராசிரியர் வித்தியானந்தன் 1960களில் பேராதனையில் கர்ணன் போரையும் இராவணேசனையும் செப்பனிட்டுச் சுருக்கி மேடைக்குக் கொண்டுவந்ததால்தான் படித்த உலகம் கூத்தைத் திரும்பிப் பார்த்தது என்று அவ சொன்னா. அது மெய். அதற்கு முன்னரே, 1956இல் சரச்சந்திரா மனமேயில் தேடிப் போனதும் எங்கள் கூத்துக்கு உறவான சிங்கள நாடகமவைத்தான். ஆனால் கோவலன் முற்றத்திலிருந்து திரும்பி வந்து, "பின்னேரம் அஞ்சு மணிக்கு, மின்விசிறிக்குக் கீழ என்னை வெட்டுறதெண்டால் வேற கோவலனைப் பாருங்கோ" என்றார். என் பக்கம் கேட்டால் நான் இரண்டு பேரோடும்தான். சுருக்கம் இல்லாமல் பிள்ளைகள் கையில் இது போய்ச் சேராது. ஆனால் சனம் நித்திரை முழித்து, பசித்து, கடலை கொறித்து, சண்டை பிடித்து, விடியும்வரை அவன் சாகப்போவதை அறிந்துகொண்டே காத்திருக்கிறதே, அந்த வேலையை ஒன்றரை மணித்தியாலம் செய்யாது.

அண்ணாவியார் ஒன்றும் கேட்காதவர் போல இருந்துவிட்டு, கடைசியில், "மண்டபத்தில ஒண்டு, களரியில ஒண்டு. ரெண்டுக்கும் ஒரு கொப்பி" என்று தீர்த்தார். வருகிற பங்குனியில் ஏடு தொடங்குவது. கண்ணகி யார்? பேத்தியின் மாணவி ஒருத்தி, உயர்தரம் படிக்கிறவள், நல்ல கட்டைக்குரல். பெண் பிள்ளையே கண்ணகியாக வரப்போவதில் மாதவிக்குத்தான் பெரிய மனத்தாங்கல். ஒரு காலத்தில் தன் இடுப்புக்கு மிஞ்சி இடுப்பில்லை என்று இருந்தவன். தட்டான் யார் என்றபோது ஒருவரும் வாய் திறக்கவில்லை. எல்லாரும் பிற்பாட்டுக்காரனைப் பார்த்தார்கள்.

"எனக்கு முன்னுக்கு வந்து பாட ஏலாது, பின்னுக்கு நிண்டுதான் வரும்."

"அப்ப பின்னுக்கு நிண்டு நீ முதல் பாடு. முன்னுக்கு ஒரு பெடியனை விடுவம், அவன் உனக்குப் பிற்பாட்டுப் பாடட்டும்" என்றார் அண்ணாவியார்.

பாண்டியன் உடனே கூட்டுறவுக் கடைக்காரராக மாறி உடுப்புச் செலவுக்குக் கணக்குப் போடத் தொடங்கினார். முடி ஐந்து, புயக்கட்டை, உடுப்புக்காரர் கேட்கப்போகிற வாடகை, மத்தளத்துக்குத் தோல். போன் இன்னும் வெட்டாமல் கிடந்தது. ஸ்காபுரோவிலிருந்து கண்ணகி, முழுக் காசையும் தான் அனுப்புவதாகவும், ஆனால் அந்தப் பிள்ளைக்குத் தானே போனில் பழக்குவதாகவும் சொன்னார். காசை அனுப்பச் சொல்லு, பாட்டை அனுப்பவேண்டாம் என்று அண்ணாவியார் எங்களிடம் சத்தமாகச் சொன்னது அங்கே தெளிவாகவே கேட்டிருக்கவேண்டும். அரை நிமிசம் பிந்தி ஒரு கெட்ட வார்த்தை வந்து சேர்ந்தது.